பழுதான டிரெய்லரால் கெடும் நேரம் யார் கணக்கில் சேர வேண்டும்?

எண்ணூர்ச்சாலை (இழையைத் தொடங்கியவர்):

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளிலிருந்து காட்டுப்பள்ளிக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஓட்டுநர் நான். எங்கள் நிறுவனத்தில் இழுவை வண்டி ஓட்டுநருக்கு நிலையானது, டிரெய்லர் அப்படியன்று. காலிப் பெட்டியுடன் ஒரு டிரெய்லரைத் தொழிற்சாலைக்குள் விட்டுவிட்டு, சரக்கு ஏற்றி முத்திரை வைக்கப்பட்ட வேறொரு டிரெய்லரைக் கோத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நேற்று அதை யார் இழுத்தார், எந்தச் சக்கரம் சூடேறியது, எந்த விளக்கு எரியவில்லை என்பதெல்லாம் முந்தைய ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும். அவர் அந்நேரம் வேறொரு துறைமுக வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

சென்ற மாதம் இப்படிக் கோத்துக்கொண்ட ஒரு டிரெய்லருடன் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். நெமிலிச்சேரியைத் தாண்டியதும் பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தது. ஓரங்கட்டிப் பார்த்தால், கடைசி அச்சின் இடப்பக்க டிரம்மிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருந்தது; ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினாலே அனல் அடித்தது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் அந்தச் சக்கரத்தின் பிரேக் மட்டும் விடவில்லை. அலுவலகத்துக்குச் சொன்னபோது கிடைத்த முதல் பதில், "அட்ஜஸ்டரைத் தளர்த்திவிட்டு மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்" என்பதுதான். பெட்டியும் சரக்குமாக இருபத்தைந்து டன்னுக்கு மேல் பின்னால் இருக்கும்போது, ஒரு சக்கரத்தின் பிரேக்கை வேலை செய்யாமல் ஆக்கிவிட்டு, மீஞ்சூர்ப் பக்கம் இருசக்கர வண்டிகளும் நடந்துபோகிறவர்களும் நிறைந்த சாலையில் ஓட்ட நான் மறுத்துவிட்டேன். மெக்கானிக் வந்து சேர நள்ளிரவு ஆயிற்று. கப்பலுக்குப் பெட்டியை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் தவறிப் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போனது. மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தபோது, அந்த நடைக்கு எதிரே "ஓட்டுநர் தாமதம்" என்று எழுதியிருந்தது.

எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி, நடைக்கு இவ்வளவு என்று தரப்படும் பேட்டாதான். வண்டி ஓடினால் காசு உண்டு. சாலையோரம் நின்றால் அந்த இரவுக்கு எதுவும் இல்லை. ஆகவே, டிரெய்லரைப் பராமரிக்காமல் மிச்சப்படுத்தப்படும் பணம் உண்மையில் ஓட்டுநரின் நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது என்பது என் கருத்து. உங்கள் நிறுவனங்களில் டிரெய்லரை ஒப்படைக்கும்போது அதன் நிலையை எழுதி வாங்கும் வழக்கம் உண்டா? பழுதால் நின்ற நேரத்துக்கு யாராவது ஊதியம் தருகிறார்களா?

சங்ககிரி லாரி உரிமையாளர்:

தம்பி மறுத்தது சரியான முடிவு. என் ஓட்டுநரிடம் யாராவது பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓட்டச் சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் உரிமையாளர்கள் எல்லோரும் வேண்டுமென்றே டிரெய்லரைக் கெட விடுகிறார்கள் என்பது போன்ற எண்ணம் இங்கே பதிந்துவிடக் கூடாது.

மூன்று அச்சு டிரெய்லர் ஒன்றுக்குப் பன்னிரண்டு டயர். வாடகையைப் பார்ட்டி, அதாவது சரக்கு அனுப்பும் நிறுவனம், கொடுப்பதற்கு இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும்; டீசலுக்கும் சுங்கத்துக்கும் அன்றன்றே பணம் வைக்க வேண்டும். வண்டி பட்டறையில் நின்றாலும் வங்கித் தவணை நிற்பதில்லை. பெரிய நிறுவனங்கள் குறைந்த வாடகைக்கு ஒப்பந்தம் எடுத்துவிட்டு, எங்களைப் போல நான்கைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதிலும் குறைத்துத் தருகிறார்கள். அந்த வாடகையில் முதலில் அடிபடுவது டிரெய்லர் பராமரிப்புத்தான் என்பது உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், பழுதால் கெடும் நேரம் குறைவுதான். மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள், பாதியில் நின்றது, 2022 மே மாதம் மறுபடியும் நாட்டினார்கள். ஓட்டுநரின் நேரத்தைத் தின்பது துறைமுகத்துக்குப் போகும் வழியின் நெரிசல்தான்.

மாதவரம் பட்டறை:

இந்தத் தொழிலில் டிரெய்லர்களை மட்டுமே பழுதுபார்த்து வருகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். இழுவை வண்டிக்கு இன்ஜின் இருக்கிறது, கிலோமீட்டர் காட்டும் மீட்டர் இருக்கிறது, இவ்வளவு ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும் என்ற கணக்கும் இருக்கிறது. டிரெய்லருக்கு இவை எதுவும் கிடையாது. மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்றே யாருக்கும் தெரியாது. ஆகையால் அதன் பராமரிப்பு, ஏதாவது உடையும்போது மட்டுமே நடக்கிறது. பட்டறைக்கு வருகிற டிரெய்லர்களில் பெரும்பாலானவை எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று வாங்கும் நாளுக்காக வருகின்றன, அல்லது இழுத்துக்கொண்டு வரப்படுகின்றன.

தம்பிக்கு நேர்ந்தது எனக்கு நன்கு பழக்கமான பழுது. பிரேக் ஷூவை விரிக்கும் கேம் தண்டு இரண்டு புஷ்களில் சுழல்கிறது. அந்தப் புஷ்களுக்குக் கிரீஸ் போகாமல் காய்ந்துவிட்டால், காற்று அழுத்தம் வந்ததும் தண்டு திரும்பும். அழுத்தம் விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்பி வராது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். சிறிது நேரத்தில் லைனிங் கருகும், கவனிக்காமல் ஓட்டினால் ஹப் கிரீஸ் உருகி பேரிங் பிடிக்கும், டயரும் தீப்பற்றலாம். அப்படிச் சூடேறிய டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இரும்பில் விரிசல் விழும், தானாக ஆற விட வேண்டும். இவ்வளவுக்கும் தேவைப்பட்டிருப்பது, கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்துவது மட்டுமே.

யார்டில் நாள்கணக்கில் சும்மா நிற்கும் டிரெய்லர் நல்ல நிலையில் இருக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நிற்கும் வண்டிதான் அதிகம் கெடுகிறது. காற்றுத் தொட்டியில் தண்ணீர் தேங்கி வால்வுகள் துருப்பிடிக்கும். காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் சேம்பருக்குள் இருக்கும் ரப்பர் டயஃப்ரம் காய்ந்து வெடிக்கும். ஒரே இடத்தில் எடையைத் தாங்கிய டயர் ஒரு பக்கம் தட்டையாகும்.

கோத்துக்கொண்டு கிளம்பும் முன் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தால், முதலில் இழுவை வண்டியின் தட்டில் கிங் பின் (டிரெய்லரின் அடியில் உள்ள இணைப்பு ஆணி) பூட்டிக்கொண்டதா என்பதைக் குனிந்து கண்ணால் பாருங்கள். இழுத்துப் பார்த்தால் மட்டும் போதாது. புதிய இரண்டு அங்குல கிங் பின்னின் விட்டம் 50.8 மில்லிமீட்டர், 49க்குக் கீழே தேய்ந்துவிட்டால் அதை மாற்றியே ஆக வேண்டும். அடுத்து, காற்றுக் குழாய்களை மாட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டுச் சீறும் சத்தம் கேட்கிறதா என்று நடந்து பாருங்கள். ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சேம்பரிலிருந்தும் தள்ளுதண்டு எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வேண்டும். முப்பதாம் அளவுச் சாதாரணச் சேம்பரில் அது இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பிரேக் தளர்ந்துவிட்டது என்று பொருள். அசையவே இல்லை என்றால் பிடித்துக்கொண்டது என்று பொருள். கடைசியாகப் பெட்டியை டிரெய்லரோடு பூட்டும் நான்கு மூலை ட்விஸ்ட் லாக்குகள்; இருபதடிப் பெட்டி இரண்டு இருந்தால் எட்டு. மூன்று பூட்டி ஒன்று பூட்டாமல் இருந்தால்கூடக் கிளம்பக் கூடாது. வளைவில் பெட்டி சரியத் தொடங்கினால் மற்ற மூன்றும் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது.

ஓட்டுநர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்பிரிங் பிரேக் சேம்பரைச் சாலையோரத்தில் நீங்களாகப் பிரிக்காதீர்கள். உள்ளே அழுத்தி வைக்கப்பட்டிருக்கும் ஸ்பிரிங் வெளியே பாய்ந்தால் ஆள் பிழைப்பது கடினம்.

முத்துநகர் ஓட்டுநர்:

தூத்துக்குடியில் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் இங்கே உப்புக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. உப்பு ஏற்றும் வண்டிகளையும் அதே சாலையில் ஓடும் கன்டெய்னர் டிரெய்லர்களையும் பாருங்கள். சேசிஸில் பெயிண்ட் உரிந்த இடத்திலெல்லாம் துரு அடுக்கடுக்காக எழும்பியிருக்கும். விளக்குக்குப் போகும் ஒயர் முனைகள் பச்சை பூத்துப்போகும். இரவில் பின்விளக்கு எரியாத டிரெய்லரைச் சாலையோரம் நிறுத்தினால் என்ன நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒளிரும் பட்டை ஒட்ட வேண்டும் என்பது விதி. எஃப்.சி. அன்று ஒட்டுவார்கள், அது உரிந்த பிறகு அடுத்த எஃப்.சி. வரை அப்படியேதான்.

நேரம் கெடுவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் 2021 ஜனவரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். இரண்டு நாள் கிடைக்கும். டிரெய்லர் வழியிலேயே ஒரு நாள் நின்றுவிட்டால், பில் காலாவதியாகும் நேரத்துக்கு முன்போ பின்போ எட்டு மணி நேரத்துக்குள் அதை நீட்டித்தாக வேண்டும். அதைச் செய்ய வேண்டியது அலுவலகம். செய்யாமல் விட்டால் சாலையில் அதிகாரி முன் நிற்பது ஓட்டுநர்.

தொழிற்சங்க உறுப்பினர்:

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொண்டால் தொலைபேசியில் மறுக்கும்போது தைரியம் வரும் என்பதால் எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனித் தகுதிச் சான்றும் வேண்டும். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்குப் பின் ஆண்டுதோறும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். இழுவை வண்டியின் எஃப்.சி. செல்லும் என்பதால் டிரெய்லரின் எஃப்.சி.யும் செல்லும் என்று எண்ணிக் கிளம்பிவிடக் கூடாது. இரண்டின் நகலையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஆபத்தான குறைபாடுள்ள வாகனத்தையோ டிரெய்லரையோ பொது இடத்தில் ஓட்டுபவரை மட்டும் குறிப்பிடவில்லை. ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. குறைபாடு தெரிந்திருந்தாலும், சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலும் பொறுப்பு உண்டு. நடைமுறையில் சாலையில் பிடிபடுபவர் ஓட்டுநர் மட்டுமே. "தளர்த்திவிட்டு ஓட்டு" என்று சொன்னவரின் பெயர் எந்த ஆவணத்திலும் இருப்பதில்லை. அதனால்தான் அத்தகைய உத்தரவை வாய்மொழியாக ஏற்காமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்று எங்கள் உறுப்பினர்களுக்குச் சொல்கிறோம். எழுதி அனுப்பச் சொன்ன மாத்திரத்தில் பெரும்பாலான உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டுவிடும்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனங்களுக்காக 1961இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. மிகை நேரத்துக்கு இரட்டை ஊதியம் என்றது. வேலை நேரம் என்பதற்கு அந்தச் சட்டம் தந்த விளக்கம் முக்கியமானது: தொழிலாளி முதலாளியின் தேவைக்காக இருக்கும் நேரம். வண்டி ஓடாத போதும் வாகனத்துக்காகவும் சரக்குக்காகவும் செய்யும் துணைவேலை அதில் அடங்கும். தன் விருப்பப்படி செலவிடக்கூடிய நேரத்துக்கு விலக்கு உண்டு. வெளிவட்டச் சாலையில் புகைந்துகொண்டிருக்கும் சக்கரத்தின் அருகில் சரக்குக்குக் காவலாக நிற்கும் மனிதர் எதைத் தன் விருப்பப்படி செய்ய முடியும்? அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் அந்த விளக்கத்தின் நியாயம் மாறவில்லை.

டொராண்டோத் தமிழன்:

ஒன்ராறியோவில் நெடுந்தூர டிரக் ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்து நடைமுறை உங்களுக்கு உதவக்கூடும்.

இங்கே டிரக்கையும் டிரெய்லரையும் அரசு வகுத்த பட்டியலின்படி சோதித்து அறிக்கை எழுதிக் கையொப்பமிடாமல் ஓட்டக் கூடாது. அந்தச் சோதனை 24 மணி நேரத்துக்குச் செல்லும். குறைபாடுகள் சிறியவை, பெரியவை என்று பட்டியலிலேயே பிரிக்கப்பட்டுள்ளன. சிறியதாக இருந்தால் எழுதி, நிறுவனத்துக்கு அறிவித்துவிட்டுச் செல்லலாம். பெரியதாக இருந்தால் சரிசெய்யும் வரை வண்டி அசையக் கூடாது. எது பெரியது என்பதைத் தீர்மானிக்கும் சுமை ஓட்டுநரின் தலையிலும் இல்லை, அலுவலகத்தின் கையிலும் இல்லை. இதுதான் இந்த முறையின் நன்மை என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் நேரத்தைப் பொறுத்தவரை இங்கேயும் இதே வலி உண்டு. பலருக்கு மைல் கணக்கில்தான் கூலி. டிரெய்லர்களை மாற்றி மாற்றிக் கோக்கும் முறையில், யார்டில் கிடக்கும் மோசமான டிரெய்லர் எப்போதும் கடைசியாக வருகிறவர் தலையில்தான் விழும்; முன்னால் வந்தவர்கள் நல்லதைத் தேர்ந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கெட்டதைப் பற்றி யாரும் எழுதி வைக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்குள் போனால், வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். படுக்கை ஓய்வுக்கான சில விதிவிலக்குகள் தவிர, டயர் மாற்றக் காத்திருக்கும் நேரத்துக்காக அந்தக் கடிகாரம் நிற்பதில்லை. காலையில் நான்கு மணி நேரம் ஒரு டயருக்காகப் போனால் அன்றைய மைல்கள் போய்விட்டன. பழுதுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு மணிக்கணக்கில் பணம் தரும் நிறுவனங்கள் உண்டு. வேலையில் சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கிறது.

நடைக்கணக்கு எழுதுபவள்:

ஒரு போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுநர்களின் நடைக்கணக்கை முடித்துத் தருவது என் வேலை. "ஓட்டுநர் தாமதம்" என்ற வரி எப்படி வருகிறது என்பதை நான் சொல்ல முடியும். எங்கள் கணினிப் படிவத்தில் தாமதத்துக்கு மூன்று காரணங்கள் மட்டுமே இருந்தன: பார்ட்டி, துறைமுகம், ஓட்டுநர். பார்ட்டி என்று போட்டால் பார்ட்டியிடமிருந்து கடிதம் வேண்டும். துறைமுகம் என்று போட்டால் வாசலில் நுழைந்த நேரச் சீட்டு வேண்டும். எந்த ஆவணமும் கேட்காதது மூன்றாவது மட்டும்தான். எனவே டயர் வெடித்தாலும் பிரேக் பிடித்தாலும் எல்லாமே அதில் போய் விழுந்தன. யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை; ஆனால் மாதக் கடைசியில் அதைப் பார்க்கும் மேலாளருக்கு, ஓட்டுநர்கள் எல்லோரும் வழியில் தூங்குகிறார்கள் என்றே தோன்றும்.

நான் வலியுறுத்திக் கேட்டு "டிரெய்லர் பழுது" என்ற நான்காவது காரணத்தைச் சேர்க்க வைத்தேன்; அதோடு டிரெய்லர் எண்ணையும் கட்டாயமாக்கினோம். அடுத்த சில மாதங்களில் தெரிந்த உண்மை, அதே ஒருசில டிரெய்லர் எண்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பது. ஓட்டுநர்கள் மாறினார்கள், டிரெய்லர்கள் மாறவில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகு அவற்றை வரிசையாகப் பட்டறைக்கு அனுப்ப எங்கள் முதலாளியே முன்வந்தார்.

எண்ணூர்ச்சாலை:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. சங்ககிரி அண்ணனுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். துறைமுக வரிசையில் கெடும் நேரம் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த வரிசை எல்லோருக்கும் பொதுவானது. அதற்கு நேரச் சீட்டு இருக்கிறது. எதற்காக நின்றோம் என்று யாரும் எங்களைச் சந்தேகிப்பதில்லை. பழுதான டிரெய்லர் ஒரே ஒரு ஓட்டுநரின் தலையில் விழுகிறது, அவரும் சான்று இல்லாமல் நிற்கிறார். மேலும், எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்காக அடி அடியாக நகரும்போது பிரேக்கைப் போட்டுப் போட்டு விடுவதால் டிரெய்லர் இன்னும் தேய்கிறது. ஆகவே நெரிசலையும் பழுதையும் பிரித்துப் பார்க்க முடியாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் போகும் ஓட்டுநர் அரைத்தாளில் நான்கு வரி எழுதி, டிரெய்லரின் முன்பக்கப் பெட்டியில் வைக்க வேண்டும்: டயர், பிரேக், விளக்கு, லாக். எடுப்பவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதில் எழுதப்பட்ட பழுதைச் சரிசெய்யாமல் அனுப்பினால், அதனால் நிற்கும் நேரத்துக்கு, முதல் இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிட்டு, மணிக்கணக்கில் ஊதியம் தர வேண்டும்.

சங்ககிரி லாரி உரிமையாளர்:

தாளில் எழுதுவதற்கு நான் சம்மதிக்கிறேன்; அந்த அம்மா சொன்ன நான்காவது காரணத்தையும் என் கணக்குப் புத்தகத்தில் சேர்த்துக்கொள்கிறேன். எழுதப்பட்ட பழுதை நான் சரிசெய்யாமல் விட்டு வண்டி நின்றால், பணம் தருவதும் நியாயம்தான். ஆனால் எழுதப்படாத பழுது வழியில் வந்தால்? புதிய டயரும் ஆணி ஏறினால் வெடிக்கத்தான் செய்யும். அதற்கும் நானே மணிக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்றால் என்னைப் போன்ற சிறியவர்களால் முடியாது. இன்னொரு சந்தேகம்: இரவு பதினொரு மணிக்குத் தொழிற்சாலைக்குள் பழுது கண்டுபிடிக்கப்பட்டால், அங்கே மெக்கானிக்கை உள்ளே விட மாட்டார்கள். அப்போது யார் என்ன செய்வது?

மாதவரம் பட்டறை:

தொழிற்சாலைக்குள் வெல்டிங்கும் தீயும் கூடாது என்று தடுப்பார்கள்; காற்றுக் குழாய், விளக்கு, ட்விஸ்ட் லாக் வேலைக்குப் பல இடங்களில் பாதுகாப்பு அனுமதிச் சீட்டு வாங்கி உள்ளே போயிருக்கிறேன். பார்ட்டியுடன் ஒப்பந்தம் போடும்போதே அந்த அனுமதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே. மற்ற பழுதுக்கு, சரக்கு ஏற்றுவதற்கு முன்பே, காலிப் பெட்டியுடன் டிரெய்லரை உள்ளே விடும்போதே பார்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சரக்கு ஏறி முத்திரை விழுந்த பிறகு அச்சைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணூர்ச்சாலை:

ஆணி ஏறி வெடிக்கும் டயருக்கு மணிக்கணக்கு கேட்பது முறையாகாது. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அன்றைய பேட்டாவில் கைவைக்கக் கூடாது, "ஓட்டுநர் தாமதம்" என்றும் எழுதக் கூடாது. இந்த இரண்டையும் நீங்கள் ஒப்புக்கொண்டால், அரைத்தாளின் மாதிரியை இந்த வாரத்துக்குள் எழுதி இங்கேயே பதிவிடுகிறேன். முத்துநகர் நண்பர் உப்புத் துருவுக்கென்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.